ஏறி இறங்கிய மதிப்பெண்களோடு விண்ணப்பக் கட்டுரை எழுதுவது

இந்த அத்தியாயம் ரிங்லெட், ஹபு, பெர்தாம் பள்ளத்தாக்கு, போ தோட்டம் ஆகிய இடங்களிலிருந்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு. உங்கள் எஸ்பிஎம் தாளில் தமிழ்மொழிக்கு ஏ, வரலாற்றுக்கு பி பிளஸ், கூடுதல் கணிதத்துக்கு டி என்று இருக்கலாம். அல்லது படிவம் 4 முழுக்கச் சரிந்து படிவம் 5-இல் மறுபடி எழுந்திருக்கலாம். இப்படிப்பட்ட தாளோடும் நல்ல கட்டுரை எழுத முடியும். ஆனால் கட்டுரையின் வேலை மதிப்பெண்ணுக்காக வாதாடுவது அன்று. விளக்கத்தை நான்கு வரியில் முடித்துவிட்டு, மீதி இடம் முழுவதும் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், எப்படி வேலை செய்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில்: கட்டுரை எங்கே எடுபடும்?

எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் தகுதிப்புள்ளி 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சியிலிருந்தும் 10 விழுக்காடு புறப்பாடத்திலிருந்தும் வருகிறது. அங்கே கட்டுரைக்கு இடமில்லை. சில துறைகளுக்கு நேர்காணல் மட்டும் உண்டு. எனவே யுபியு மட்டும்தான் உங்கள் திட்டம் என்றால், இந்த நேரத்தைப் புறப்பாடச் சான்றிதழ்களைத் திரட்டுவதிலும் நேர்காணலுக்குத் தயாராவதிலும் செலவிடுங்கள்.

கட்டுரை எடைபெறும் இடங்கள் வேறு: அறவாரியங்களின் உபகாரச் சம்பள விண்ணப்பங்கள், சில தனியார் பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுப் படிப்பு. பிரிட்டனுக்கான யுகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் உள்ளன: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் கட்டுரை 250 முதல் 650 சொல் வரை. வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் தேயிலைத் தோட்டக் குடும்பப் பெண்களையும் மனத்தில் வைத்து ஒரு தயாரிப்புப் பாதையை நடத்துகிறது. எந்தெந்த நாட்டினருக்கு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். பெண்பிள்ளைகள் இதைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. அந்த ஓட்டையை எந்தக் கட்டுரையும் அடைக்காது. அது இருந்தால் முதலில் மறுதேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.

படி 1: மதிப்பெண் வரலாற்றை ஒரே தாளில் எழுதுங்கள்

1. ஒரு தாளை நீளவாக்கில் வைத்து இடப்பக்கம் படிவம் 1 முதல் 5 வரை எழுதுங்கள். புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்திருந்தால் அதையும் சேருங்கள். எஸ்டிபிஎம் மாணவர் என்றால் மூன்று தவணைகளையும்.
2. ஒவ்வொன்றுக்கும் நேரே எந்தப் பாடம் ஏறியது, எது இறங்கியது என்று குறியுங்கள்.
3. அடுத்த பத்தியில் அந்த ஆண்டு வீட்டிலும் பள்ளியிலும் உண்மையில் நடந்ததை எழுதுங்கள்: பள்ளி மாறியது, அப்பாவின் வேலை மாறியது, ஆசிரியர் இல்லாமல் போன மாதங்கள், தொலைக்காட்சி முன்னால் வீணாய்ப் போன ஆண்டு. எல்லாமே.
4. கடைசிப் பத்தியில், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

இந்தத் தாள் யார் கண்ணுக்கும் போகப்போவதில்லை. அதனால் பொய் சேர்க்காதீர்கள்.

நம் பிள்ளைகளின் தாளில் அடிக்கடி வரும் இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் அறிவியலும் கணிதமும் படித்துவிட்டுப் படிவம் 1-இல் அதையே மலாயில் படிக்க நேர்வது. படிவம் 1, 2-இல் விழுந்த மதிப்பெண்ணுக்கு இது நேர்மையான விளக்கம். படிவம் 5-இல் விழுந்ததற்கு இதைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். இரண்டாவது, 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடும் அதன் பின் வந்த வீட்டிலிருந்து கற்றலும். அந்த ஆண்டு ஆறாம் ஆண்டில் இருந்தவர்களுக்கு யுபிஎஸ்ஆர் தேர்வு நடக்கவில்லை. அவர்கள் படிவம் 3-க்கு வருவதற்குள் அந்தப் படிவத்தின் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. எனவே அவர்கள் வாழ்வில் எழுதிய முதல் பொதுத்தேர்வே எஸ்பிஎம்தான். மலேசியருக்கு இது தெரியும், எடின்பரோவில் விண்ணப்பம் வாசிக்கிறவருக்குத் தெரியாது. அவருக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும்.

எஸ்டிபிஎம் எழுதியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மூன்று தவணைகளின் புள்ளிகளும் தனித்தனியே தெரியும். முதல் தவணையில் 2.10, மூன்றாவதில் 3.20 என்றால் அந்த ஏற்றமே உங்களுக்குச் சாட்சி. அதை வார்த்தைகளால் அலங்கரிக்க வேண்டியதில்லை.

படி 2: நான்கு வரி விளக்கம்

தாளைப் பார்த்து மதிப்பெண்ணுக்கான விளக்கத்தை எழுதுங்கள். இதில் நான்கு துண்டுகள் இருக்க வேண்டும்: எப்போது, என்ன நடந்தது, மதிப்பெண் எப்படி ஆனது, அதற்குப் பிறகு நீங்கள் செய்தது. நான்காவது துண்டு இல்லாவிட்டால் அது சாக்கு. இருந்தால் அது காரணம். வித்தியாசம் அவ்வளவுதான்.

தவறான வடிவம்: "எங்கள் குடும்பத்தில் பல கஷ்டங்கள் இருந்ததால் என்னால் படிப்பில் முழுக் கவனம் செலுத்த முடியவில்லை. வாய்ப்பு கொடுத்தால் சிறப்பாகப் படிப்பேன்."

சரியான வடிவம்: "படிவம் 4-இன் நடுவில் அப்பாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் பள்ளி முடிந்ததும் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் கட்டும் வேலைக்குப் போனேன். அந்த ஆண்டு இயற்பியலும் கூடுதல் கணிதமும் தேர்ச்சி நிலைக்குக் கீழே போயின. படிவம் 5-இல் வேலையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டு இயற்பியலை சி-க்குக் கொண்டுவந்தேன். கூடுதல் கணிதம் டி-யில் நின்றுவிட்டது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். முழுதாக எழாத பாடத்தையும் அது ஒளிக்கவில்லை. மதிப்பெண் தாள் தேர்வாளர்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் மறைத்தால் அவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

இந்த நான்கு வரியைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். விண்ணப்பத்தில் கூடுதல் தகவலுக்கோ சூழ்நிலை விளக்கத்துக்கோ தனிக் கட்டம் இருந்தால் அங்கே போடுங்கள். காமன் ஆப்பில் அப்படி இடம் உண்டு. கட்டம் இல்லையென்றால் கட்டுரையின் மூன்றில் இரண்டு பங்கு கடந்தபின் வையுங்கள். அதற்குள் உங்களை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

குறிப்பு: வீட்டுச் சூழ்நிலையைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், ஆலோசக ஆசிரியரிடமோ வகுப்பாசிரியரிடமோ பேசி அவர்களுடைய பரிந்துரைக் கடிதத்தில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேறொருவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு நம்பகம் கூடும். உங்கள் கட்டுரை முழுதும் உங்களுக்கே மிஞ்சும்.

படி 3: எதைப் பற்றி எழுதுவது

இங்கேதான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் கட்டுரைகளுக்குப் பெரிய ஆபத்து ஊரின் அழகு. பனிமூட்டம், பச்சைக் கம்பளம், கொழுந்து கிள்ளும் அம்மாவின் விரல்கள் என்பதெல்லாம் சுற்றுலா விளம்பரத்தில் ஏற்கெனவே வந்துவிட்டவை. பல சமயம் உண்மையும் அல்ல. 1929-இல் தொடங்கிய போ தோட்டத்தில் இன்று கொழுந்தின் பெரும்பகுதி கத்தரியாலும், இருவர் இரு பக்கம் பிடித்து நடக்கும் இயந்திரத்தாலும் வெட்டப்படுகிறது. உங்கள் அம்மா அந்த இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடித்தவர் என்றால் அதை எழுதுங்கள். விரல்களைப் பற்றி எழுதுவது வேறு யாரோ ஒருவரின் அம்மாவை எழுதுவது.

இரண்டாவது ஆபத்து, வறுமையை விற்பது. இதை அழுத்திச் சொல்கிறேன். படிப்பவர் இரக்கப்பட்டு இடம் தருவார் என்று எண்ணிப் பெற்றோரைக் கூனிக் குறுகியவர்களாக எழுதும் கட்டுரைகள் பல வருகின்றன. அவை அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். தேர்வாளருக்கும் அவற்றிலிருந்து உங்களைப் பற்றி எதுவும் தெரியவராது. குடும்ப வருமானத்துக்கு உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே எண்ணை எழுதுங்கள்.

பொருளைத் தேட இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி எழுதிப் பாருங்கள்:

1. யாரும் சொல்லாமல் நீங்களாகத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எது?
2. வீட்டிலோ லயத்திலோ உங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்ற வேலை எது? விண்ணப்பப் படிவம் நிரப்புவது, போன் சரிசெய்வது, வங்காளதேசத் தொழிலாளிக்கு மருந்தகத்தில் மலாயில் பேசிக்கொடுப்பது, கோயில் திருவிழாக் கணக்கு எழுதுவது.
3. தினமும் பார்த்தும் புரியாமல் இருந்த ஒன்றை எப்போது புரிந்துகொண்டீர்கள்?
4. எந்த விஷயத்தில் உங்கள் எண்ணம் மாறியது? யார், எது மாற்றியது?
5. மதிப்பெண் குறைந்த அதே பாடத்தை வகுப்பறைக்கு வெளியே எங்காவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சீரற்ற மதிப்பெண்ணுக்கு அதைவிட நல்ல மறுமொழி இல்லை.

படி 4: ஒரு பொருளைக் கட்டுரையாக்குவது

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாணவரைக் கற்பனை செய்வோம். ஹபுவிலிருந்து ரிங்லெட்டுக்குப் பள்ளிப் பஸ்ஸில் போகிறவர். இயற்பியலில் சி, கூடுதல் கணிதத்தில் டி. குடிசார் பொறியியல் படிக்க ஆசை. பஸ் போகும் வழியில் ரிங்லெட் ஏரி வருகிறது. 1963-இல் முடிந்த சுல்தான் அபு பாக்கார் அணையால் உண்டான ஏரி அது. மேலே காட்டையும் சரிவையும் வெட்டித் தோட்டம் போடப்போட மழையில் மண் இறங்கி ஏரியை நிரப்புகிறது. அதைத் தோண்டி அள்ளும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. இந்த மாணவர் அப்போது சிறு பிள்ளை. வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்.

முதல் வரைவில் அவர் இப்படி எழுதுவார்: "பசுமையான மலைகள் சூழ்ந்த அழகிய ரிங்லெட்டில் பிறந்த நான் சிறுவயது முதலே பொறியியலில் ஆர்வம் கொண்டவன். எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் சீர்கேடு ஒரு பெரிய பிரச்சினை. ஒரு நாள் பொறியாளராகி என் சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்."

இதில் ஒரு வாக்கியத்தையாவது வேறொருவர் எழுதியிருக்க முடியாது என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் எல்லாவற்றையும் அடித்துவிடலாம்.

மூன்றாவது வரைவு: "மழை பெய்த மறுநாள் எங்கள் பள்ளிப் பஸ் ஏரிப்பக்கம் திரும்பும்போது தண்ணீர் தே தாரேக் நிறத்தில் இருக்கும். எவ்வளவு மண் இது என்று பஸ்ஸில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. படிவம் 3-இல் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிற்றோடையில் கண்ணாடிப் போத்தலில் நீர் பிடித்துச் சன்னலில் வைத்தேன். காலையில் மேலே தெளிந்திருந்தது, அடியில் மண். வெயில் நாளில் பிடித்த போத்தலில் நகக்கனம், பெருமழைக்குப் பின் பிடித்ததில் ஒரு விரற்கடை. மழை இரட்டிப்பானால் மண்ணும் இரட்டிப்பாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை, பல மடங்கு கூடியது. அந்த வளைவைத் தாளில் வரைய எனக்குத் தெரியவில்லை. கூடுதல் கணிதத்தில் நான் புறக்கணித்த பாடம் அதுதான் என்று பின்னாளில் டீச்சர் காட்டினார்."

இங்கே ஊர் இருக்கிறது, ஆனால் அழகுக்காக அன்று. ஒரு கேள்வி, செய்த வேலை, பொய்யான ஊகம், அது உடைந்த இடம், பலவீனமான பாடம் எல்லாம் தாமாக வந்துவிட்டன. ஆர்வம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. நான்கு வரி விளக்கத்தை இதற்கு அடுத்து வைத்தால் இயல்பாக ஒட்டும். அதன்பின் படிக்க விரும்பும் துறையில் இந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோக நினைக்கிறீர்கள் என்று ஒரு பத்தி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்து, நீர்வளவியலோ மண் இயக்கவியலோ உண்மையில் இருக்கும் பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை: கட்டுரைக்காக இப்படி எதையாவது செய்யப் போகிறவர்கள் அணைப்பக்கமோ வேலியிட்ட ஏரிக்கரைக்கோ போகாதீர்கள். மழைநாளில் ஓடையில் இறங்காதீர்கள். இதுவரை செய்ததை எழுதுங்கள். எழுதுவதற்காகப் புதிதாக ஒரு சாகசம் தேவையில்லை.

படி 5: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

கட்டுரை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போகப்போகிறது. ஆனால் அந்த மொழியில் தயங்குகிறவர் நேரே அதில் எழுதத் தொடங்கினால் கையில் வருவது மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தான். அதனால்:

1. கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி, வீட்டில் அண்ணனிடமோ அக்காவிடமோ சொல்வதுபோல் நடந்ததைப் பேசுங்கள். ஐந்து நிமிடம் போதும்.
2. திரும்பக் கேட்டு, குரல் வேகமெடுத்த இடங்களைக் குறியுங்கள். கட்டுரை அங்கே தொடங்கட்டும்.
3. அந்தப் பகுதியைத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்.
4. பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, அதே சேதியை ஆங்கிலத்திலோ மலாயிலோ புதிதாக எழுதுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் வாக்கியம் நொண்டும்.
5. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்தலாம். அகராதியில் தேடிய பெரிய சொல்லை மட்டும் வேண்டாம்.

படி 6: குறைப்பது, காட்டுவது

650 சொல் கேட்டால் 900 எழுதிக் குறையுங்கள். முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் தொடங்கியிருக்கும். பழமொழி, தலைவர்களின் பொன்மொழி, திருக்குறள் மேற்கோள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குறள் உங்களுக்கு வழிகாட்டட்டும். அவர்கள் கேட்டது உங்கள் குரலை.

இரண்டு பேரிடம் காட்டுங்கள். உங்களை நன்றாக அறிந்தவர் ஒருவர்: அவரிடம் "இது நான்தானா?" என்று மட்டும் கேளுங்கள். உங்களை அறியாத ஆசிரியர் ஒருவர்: வாசித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு "என்ன நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் போத்தலும் மண்ணும் இல்லை, கஷ்டம் மட்டும்தான் இருக்கிறது என்றால் படி 3-க்குத் திரும்புங்கள். ஐந்தாறு பேரிடம் காட்டினால் ஆளுக்கொரு திருத்தம் சொல்லிக் கட்டுரை யாருடையதும் இல்லாமல் போய்விடும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒரே கட்டுரையை எல்லா இடத்துக்கும் அனுப்பி, ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை இன்னொன்றில் விட்டுவிடுவது. கேள்வியைப் படிக்காமல் எழுதுவது. தலைமை மாணவர், ஓட்டப்பந்தயம், தமிழ்மொழிக் கழகம் என்று புறப்பாடப் பட்டியலைக் கட்டுரையில் மறுபடி ஒப்பிப்பது. ஆசிரியரைக் குறை சொல்வது. அவர் உண்மையிலேயே வகுப்புக்கு வராமல் இருந்திருந்தாலும், "அந்த ஆண்டு ஏழு மாதம் இயற்பியல் ஆசிரியர் இல்லை" என்று சொன்னால் போதும், குற்றச்சாட்டு வேண்டாம்.

பாதுகாப்பு

பிறர் எழுதியதை எடுக்காதீர்கள். யுகாஸுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையும் ஒப்புமை சோதிக்கும் கருவி வழியே போகிறது. ஒத்திருந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்கப்படும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லலாம், சில இடங்களில் அதற்கும் விதி உண்டு, படித்துக்கொள்ளுங்கள். கட்டுரையையே எழுதச் சொன்னால் படி 4-இன் முதல் வரைவைப் போன்ற ஒன்றுதான் கிடைக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு இடம் உறுதி என்று சொல்லும் முகவரிடம் அடையாள அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடையிலோ பள்ளிக் கணினியிலோ திறந்தால் முடிந்ததும் வெளியேறிவிடுங்கள்.

அம்மாவின் நோய், அப்பாவின் குடி, அக்காவின் திருமணம் போன்றவை உங்கள் கதை மட்டும் அல்ல. எழுதினால் அவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வாசித்துக் காட்ட முடியாத வரியை அனுப்பாதீர்கள். எழுதும்போது பழைய வலி கிளறி இரவில் தூக்கம் போனால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். இடம் கிடைப்பதற்காகக் காயத்தைத் திறந்துகாட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

1. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் ஒரே நேரத்தில் போகும். தாப்பா சாலையில் மண் சரிந்தால் ஆவணம் கொண்டுபோகவும் முடியாது. வெளிநாட்டுக் கெடு அந்த நாட்டு நேரத்தில் இருக்கும், மலேசிய நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கட்டத்தில் ஒட்டியபின் முழுதும் வாசியுங்கள். எழுத்துக்குறி எல்லை தாண்டினால் கடைசி வரிகளை ஏற்காது.
3. உறுதிச் செய்தியைப் படம்பிடித்து, கட்டுரையின் நகலோடு இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் அந்த நகலையும் படி 1-இன் தாளையும் எடுத்து இந்த மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள்: கூடுதல் கணிதத்தில் ஏன் டி? இன்று அந்தப் பாடம் எந்த நிலையில் இருக்கிறது? முதலாண்டில் அது மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதற்கு வாக்குறுதி போதாது. எந்த நூல், வாரம் எத்தனை மணி, யாரிடம் கேட்பீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் அந்த வேலையை அழைப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.